கட்டிலுக்குக் கீழே ஒரு கோச்சி

என் கட்டிலுக்குக் கீழே ஆறு வருடங்களாக என் அலுவலக நண்பர் ஒருவருடைய மட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே, சாவி முறுக்கினால் ஓடும் ஒரு பழைய தகரக் கோச்சி. ரயிலை எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கோச்சி என்றுதான் சொல்வோம். பச்சை எஞ்சின் ஒன்று, அதன் பின்னால் கொளுவ மூன்று வண்டிகள், நீள்வட்டமாகக் கோத்து வைக்கப் பன்னிரண்டு தண்டவாளத் துண்டுகள். என் அப்பா பிறப்பதற்கு முன்பே ஐரோப்பாவில் எங்கோ செய்தது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அந்த நண்பர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் விடவில்லை. கடைசியில் ஒருநாள் விட்டேன். அதைக் கொஞ்சம் முந்தியே செய்திருக்கலாம் என்று இன்றுவரை எனக்கு மனக்குறை.

மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு அரசாங்க அலுவலகத்தில் அவர் களஞ்சியப் பொறுப்பாளர். நான் அங்கே எழுதுவினைஞர். காலையில் பெரியகல்லாற்றில் நான் பஸ் ஏறி, பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொள்வேன். களுவாஞ்சிக்குடியில் அவர் ஏறுவார். பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்காருவார். பதினோரு வருடம் அப்படிப் போய் வந்தோம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், மனது இளகினால் மனே என்பார்.

எதையும் மறைப்பது அவருடைய சுபாவம். பெரிய விஷயங்களை மட்டுமில்லை. மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் மூடியை முன்னால் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் கையை விட்டுச் சாப்பிடுவார். அதற்குள் எங்கள் எல்லாருடைய பெட்டிக்குள்ளும் இருந்த அதே மீன் குழம்பும் சுண்டங்கத்தரிக்காயும்தான் இருக்கும். தொலைபேசியில் பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வார். "நேற்று எங்க அண்ணன் போனீங்க?" என்றால் "சும்மா" என்பார். "சும்மா எங்க?" என்றால் "சும்மாதான்" என்பார். அலுவலகத்தில் ஒரு பேனை கேட்டாலும் "இரிக்கி" என்ற சொல் முதலில் வராது. "பார்ப்பம்" என்பார். உள்ளே போய், கதவைப் பாதி சாத்தி, எங்கே இருந்து எடுக்கிறார் என்று நமக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வருவார். இவ்வளவுக்கும் களஞ்சியத்தில் ஒரு ஆணிகூட ஒருநாளும் குறைந்ததில்லை.

அவர் அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மோட்டார் சைக்கிளின் பின்னால், அரிசிச் சாக்குக்குள் சுற்றிக் கட்டியிருந்தார். தேங்காய் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்னை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். சீமெந்துத் தரையில் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் கோத்தார். பையிலிருந்து தையல் மிசின் எண்ணெய்ப் போத்தலை எடுத்து, சக்கரங்களுக்கு ஒவ்வொரு துளி விட்டார். பிறகு எஞ்சினை இடது கையில் ஏந்தி, வலது கையால் சாவியை மெதுவாக முறுக்கினார்.

அது ஓடிய அந்த இரண்டு மூன்று நிமிடங்களும் நான் கோச்சியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். ஐம்பது வயது மனிதர், முழங்காலும் கையும் ஊன்றித் தவழ்கிற மாதிரி இருந்தார். எஞ்சின் வளைவுக்கு வரும்போதெல்லாம் அவருடைய வாயும் அந்தப் பக்கம் கொஞ்சம் கோணியது. அலுவலகத்தில் யாரும் பார்த்திராத முகம்.

"இது உன்னட்ட இரிக்கட்டும் மனே. மாதத்தில ஒருக்கா வந்து முறுக்கி எண்ணெய் போட்டுட்டுப் போறன். முறுக்காம விட்டா ஸ்பிரிங்குக்குச் சோம்பல் புடிச்சிரும்."

"ஏன் அண்ணன், உங்கட வீட்டில வச்சா என்ன?"

அவர் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நமக்கு விருப்பமான சாமானை வீட்டில வைக்கப்படாது."

ஏன் என்று கேட்டேன். சும்மா என்றார்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில்தான். என் மனைவி தேத்தண்ணீரைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. உலகத்தில் அவருடைய இரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதில் எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. அலுவலகத்தில் யாராவது அவரைக் "கள்ள மௌனி" என்று கேலி செய்தால் நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒரே ஒரு முறை என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். நகரத்தில் ஒரு வயதான பறங்கிப் பெண்மணி, அவுஸ்திரேலியாவில் மகனோடு போய் இருப்பதற்காக வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அன்டி என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். கூடத்தில் கதிரைகள், கண்ணாடி அலுமாரி, கல்யாணப் படங்கள். ஒரு மூலையில், மேசைக்கு மேலே, சிவப்பு எஞ்சின் வைத்த ஒரு கோச்சி செட். நான் உள்ளே போனவுடன் கண்டுவிட்டேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அலுமாரியின் கதவைத் திறந்து மூடினார். கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலைத் தட்டிப் பார்த்தார். மாவரைக்கிற கல்லைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். கடைசியில், போகிற போக்கில் கேட்கிற மாதிரி, "இதென்ன அன்டி, புள்ளைகள்ற சாமானா?" என்றார்.

அன்டி சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வந்து அரை மணித்தியாலம் ஆகுது. இந்த வீட்டில நீங்க பார்க்காத சாமான் அது ஒண்டுதான்" என்றார். "கொண்டு போங்க. என்ட தம்பிர சாமான். அவனும் இப்பிடித்தான், கேக்க மாட்டான்."

திரும்பி வரும்போது அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். கல்லடிப் பாலம் தாண்டியதும், "இதை எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன். "பத்திரமா" என்றார். தான் சொன்னதற்கு மாறாகத் தன் வீட்டில்தான் எங்கோ வைக்கப்போகிறார், அதனால்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மனைவி களுவாஞ்சிக்குடியில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை. ஊரே டீச்சர் என்று கூப்பிடும், அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒரே மகள் கல்யாணம் முடித்துக் கனடாவில். டீச்சர் கலகலப்பானவர், வாய்விட்டுப் பேசுகிறவர். ஒருநாள் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் என்னைக் கண்டு, மரக்கறிக் கடைக்குப் பின்பக்கமாகக் கூட்டிப் போனார். முகத்தில் சிரிப்பில்லை.

"தம்பி, உன்னட்ட ஒண்டு கேக்கணும். ஞாயிற்றுக்கிழமையில அவர் எங்க போறார்?"

என் கையில் இருந்த வெண்டிக்காய்ப் பையைப் பார்த்துக்கொண்டு, "ஒஃபிஸிலதான் டீச்சர். ஸ்டொக் எடுக்கிற வேலை" என்றேன்.

"ஒவ்வொரு ஞாயிறுமா?"

"ஓம் டீச்சர்."

அவர் என் பக்கம் நெருங்கி வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவர்ர சேட்டில தையல் மிசின் எண்ணெய் மணக்கிது தம்பி. எங்கட வீட்டில தையல் மிசின் இல்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அண்ணன் யாரோ ஒரு தையல்காரியின் வீட்டுக்குப் போய் வருகிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனை காலமாக நினைத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. களுவாஞ்சிக்குடியில் உள்ள தையல் கடைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாராம், சட்டை தைக்கக் கொடுக்கிற மாதிரி. "ஆறு சட்டை தச்சிட்டன் தம்பி" என்றார்.

அடுத்த நாள் பஸ்ஸில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஆரையம்பதி தாண்டியதும் சொன்னார்: "நினைக்கட்டும்."

"என்ன அண்ணன் கதைக்கிறீங்க? டீச்சர் பாவம். கோச்சிதான் எண்டு ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சிது."

"தையல்காரி எண்டே நினைக்கட்டும் தம்பி."

அவ்வளவுதான். அவருக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்திருந்தது. கழுத்துவரை சிவந்திருந்தார். மனைவி தன்னைக் கெட்டவன் என்று நினைப்பதை அவரால் தாங்க முடிந்தது. தரையில் தவழ்ந்து கோச்சி ஓட்டுகிறவன் என்று டீச்சருக்குத் தெரிவதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கே நான் களுவாஞ்சிக்குடியில் இறங்கி டீச்சரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த இரகசியத்தைப் பங்கு போட எனக்கு மனமில்லை.

அவர் விழுந்தது ஒரு ஐப்பசி மாதம், களஞ்சியத்துக்குள். கதவு வழக்கம்போலப் பாதி சாத்தியிருந்தது. சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். சாமான் அடுக்கும் இறாக்கைக்குக் கீழே ஒரு பக்கமாகக் கிடந்தார். வாய் கோணியிருந்தது. ஆட்டோவில் என் மடியில் தலையை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. மறுகா. பிறகு, அப்புறம் என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். பசித்தாலும் மறுகா, வலித்தாலும் மறுகா, என்னைக் கண்டாலும் மறுகா. மூன்று கிழமை கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அந்தச் சொல்தான் அவரோடு வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தத் தவிப்புத் தொடங்கியது. கட்டிலில் படுத்தபடி இடது கையைத் தூக்கி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் எதையோ திருகுவார். "மறுகா, மறுகா" என்பார். டீச்சர் வீட்டுச் சாவிக் கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தள்ளிவிட்டார். அலுமாரிச் சாவி, கேட்டுச் சாவி, ரேடியோ, காற்றாடியின் சுவிட்ச், தண்ணீர்க் குழாய், மருந்துப் போத்தலின் மூடி, திருகக்கூடிய எல்லாவற்றையும் டீச்சர் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையைத் தலையணையில் மோதுவார். கண்ணில் நீர் வழியும். டீச்சர் சுவரில் சாய்ந்து நின்று, "என்ன வேணும் எண்டு எனக்கு விளங்கல்லியே, எனக்கு விளங்கல்லியே" என்று அழுதார்.

எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. டீச்சர் அடுப்படிக்குப் போன நேரத்தில் குனிந்து, "கோச்சியா அண்ணன்? இஞ்ச கொண்டு வரவா?" என்று காதுக்குள் கேட்டேன். கண்களை அகல விரித்துத் தலையை ஆட்டி மறுத்தார். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அவரில் கண்டதில்லை. "சரி, நான் வீட்ட போய் முறுக்கி ஓட்டுறன்" என்றேன். அமைதியானார். அடுத்த நாள் வந்து "ஓட்டினன், நல்லா ஓடுது" என்றதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு கையை விட்டு, பெருவிரலை மடக்கி, நான்கு விரல்களைக் காட்டினார். சுட்டுவிரலால் என் நெஞ்சைத் தொட்டார். மிச்சம் மூன்று விரலை விரித்து ஆட்டினார். மறுகா. மறுகா. மறுகா.

நான் ஒருவன்தான் என்று ஆறு வருடம் நினைத்திருந்தேன். நான்கு பேர் இருந்திருக்கிறோம்.

வெளியே மழை இறங்கத் தொடங்கியிருந்தது. கார்த்திகை மழை. அவர் சன்னலைக் காட்டினார், தரையைக் காட்டினார், கையைத் தரையிலிருந்து மேலே மேலே உயர்த்திக் காட்டினார். வெள்ளம். யாரோ மூன்று பேருடைய கட்டில்களுக்குக் கீழே அவருடைய கோச்சிகள் இருக்கின்றன, தண்ணீர் ஏறப்போகிறது, எடுத்து மேலே வைக்கச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. "ஆரிட்ட அண்ணன்? எந்த ஊர்?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார். முழு உடம்பையும் திரட்டி முயன்றார். மறுகா என்று வந்தது. இடது கையில் பேனையைக் கொடுத்தேன். கடதாசியில் சுழி சுழியாகக் கிறுக்கிவிட்டுப் பேனையை எறிந்தார். நான் ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சில பெயருக்குத் தலையாட்டினார், அதே பெயரை மீண்டும் சொன்னால் இல்லை என்றார். சொற்கள் அவருக்குள்ளும் இடம் மாறிக் கிடந்தன.

ஒன்று தானாகக் கிடைத்தது. அலுவலகத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "அந்த ஐயாவைக் காணல்லியே? எண்ணெய் போட வாற நாள் போயிற்று." நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் தெரியுமா? எனக்கு மட்டும்தான் தெரியும் எண்டாரே" என்றார். அவருடைய முகமும் விழுந்துபோனது. பிஸ்கட் டின்களுக்கு மேலே, பொலித்தீன் சுற்றி, ஒரு நீல எஞ்சின் பத்திரமாக இருந்தது.

இரண்டாவதுக்கு டீச்சரே தெரியாமல் வழி காட்டினார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு எதையாவது கொண்டுவருவாரா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு எருமைத் தயிர்ச் சட்டி வரும் என்றார். அப்படியென்றால் வாவிக்கு அந்தப் பக்கம், எருமைப் பட்டிகள் உள்ள படுவான்கரை. அடுத்த நாள் மழைக்குள்ளே குருமண்வெளிக்குப் போய்ப் பாதையில் ஏறினேன். வாவியைக் கடக்கிற மிதவைப் படகை எங்கள் பக்கம் பாதை என்பார்கள். ஓட்டுகிறவரிடம் ஆளின் அடையாளத்தைச் சொன்னேன். "பெட்டி கொண்டு வந்த ஐயாவா? மண்டூருக்கு அங்கால, வட்டைக் கரையில ஒரு வீட்டுக்குப் போறவர்" என்றார்.

வயல்வெளியான அந்த வட்டை முழுவதும் தண்ணீருக்குள் கிடந்தது. எது வயல், எது வாய்க்கால் என்று தெரியவில்லை. அந்த வீட்டு விவசாயி விதைநெல்லையும் மாடுகளையும் மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். தண்ணீர் வந்து மூன்று நாள். முழங்கால் அளவு நீருக்குள் நின்று, கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, சாக்கை இழுத்தார். தூக்கும்போது மட்டைப்பெட்டி கூழாகப் பிரிந்து விழுந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து சேற்று நீர் ஒழுகிற்று. அவர் அதை முதல்முறையாகப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"உள்ளுக்க என்ன எண்டு நான் பார்க்கல்ல தம்பி. பார்க்கப்படாது எண்டு சொன்னார். அறைக்குள்ள தனியா இரிந்திட்டுப் போவார்" என்றார். எஞ்சினை உடுத்திருந்த சாரத்தால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "கோச்சியா? என்ட கடவுளே. சொல்லியிரிந்தா நெல்லோட தூக்கியிரிப்பனே."

மூன்றாவது கிடைக்கவில்லை. அன்டி கொடுத்த சிவப்பு எஞ்சின் அது. பஸ் நடத்துநர்களைக் கேட்டேன், அலுவலகத்தில் இருந்து பென்சனில் இளைப்பாறியவர்களைக் கேட்டேன், கல்லடியில் வீடு வீடாகக் கேட்டேன். அவர் ஒவ்வொரு நாளும் நான் உள்ளே வந்தவுடன் ஒற்றை விரலைக் காட்டுவார். நான் இல்லை என்பேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சாப்பிடுவதைக் குறைத்தார். மழை நிற்கவில்லை. ஐந்தாவது நாள் டீச்சர் கொடுத்த கஞ்சியைத் துப்பிவிட்டுச் சன்னலைக் காட்டிக் கத்தினார். மறுகா என்ற சொல்லை ஒரு மனிதன் அப்படிக் கத்த முடியும் என்று நான் நினைத்ததில்லை.

அடுப்படிக்குப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கட்டில், தேத்தண்ணீர்க் கடை, வட்டை வீடு, காணாமல் போனது, எண்ணெய், எல்லாம். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைச் சட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"கோச்சியா?"

"ஓம் டீச்சர்."

"அப்ப தையல்காரி இல்லியா?"

"ஒருத்தரும் இல்ல டீச்சர்."

அவர் நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே தரையில் இருந்துவிட்டார். பச்சை எஞ்சினைக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டார். பச்சை என்று நான் சொல்லவே இல்லை. அன்று காலையிலேயே அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையால் வாங்கிப் பார்த்தார்.

"இதுதான்" என்றார். "கல்யாணம் முடிச்ச புதுசு. எங்க அக்கா வந்திரிந்தா. இவர் கொழும்பால வந்து, கூடத்தில இதைப் பரப்பி ஓட விட்டார். ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார் தம்பி. அவராக் கூப்பிட்டுக் காட்டினார். வளர்ந்த ஆம்பிள தவழுறதைப் பார்த்து அக்கா சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்திற்று. கண்ணீர் வரச் சிரிச்சம். அவர் ஒண்டும் சொல்லல்ல. எல்லாத்தையும் கழற்றிப் பெட்டியில வச்சார். அடுத்த நாள் எங்க அது எண்டு கேட்டன். ஆருக்கோ குடுத்திட்டன் எண்டார். நானும் மறந்திட்டன்."

அது நடந்து முப்பது வருடம் இருக்கும். என் கட்டிலுக்குக் கீழே வருவதற்கு முன் அந்தப் பச்சை எஞ்சின் எத்தனை கட்டில்களுக்குக் கீழே இருந்ததோ.

டீச்சர் சொன்னார்: "தையல்காரியாவே இரிந்திரிக்கலாம் தம்பி. அதெண்டா அவர்ர பிழை."

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, எஞ்சினை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். நான் பின்னால் போனேன். அவர் அதை டீச்சரின் கையில் கண்டவுடன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. டீச்சர் அதைக் கட்டிலில், இடது கைப் பக்கமாக வைத்தார். "நான் சிரிக்க மாட்டன்" என்றார். "பாருங்க, நான் சிரிக்கல்ல. முறுக்கட்டா? நான் முறுக்கி ஓட விடட்டா?"

அவர் எஞ்சினைப் பிடித்து, போர்வைக்குள் இழுத்து, அதன்மேல் கையை வைத்து மூடினார். டீச்சர் கெஞ்சினார். மன்னிப்புக் கேட்டார். அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கை அசையவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்.

வெகு நேரத்துக்குப் பிறகு டீச்சர் எழுந்தார். என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினார்.

சிவப்பு எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் மாசி மாதம் போய்விட்டார். அதுவரை ஒவ்வொரு பின்நேரமும் டீச்சர் அந்தப் பச்சை எஞ்சினைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, அவருடைய பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார். சாவியை ஒரு கையால் முறுக்க முடியாது. எஞ்சினைப் பிடிக்க ஒரு கை வேண்டும், திருக ஒரு கை வேண்டும். உள்ளே தகரத்தில் சாவி வழுக்கி உரசும் சத்தம் கேட்கும். எஞ்சின் உருண்டு கட்டில் சட்டத்தில் முட்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடியும் உரசும். நான் ஒருநாள் தாங்க முடியாமல் கதவைத் தள்ளப் போனேன். டீச்சர் குறுக்கே கையை வைத்தார். "போகாத தம்பி. நாம இல்லாம இரிக்கணும் அவருக்கு."

தை மாதக் கடைசியில் ஒரு பின்நேரம். நானும் டீச்சரும் கதவுக்கு வெளியே நின்றிருந்தோம். சாவி இரண்டு தரம் வழுக்கிற்று. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நல்ல காலை மடக்கி முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவில் எஞ்சினை இறுக்கியிருக்க வேண்டும், கட்டில் கிறீச்சிட்டது. பிறகு கட், கட், கட் என்று ஸ்பிரிங் ஏறும் சத்தம். மூன்று சுற்று. ஒரு கணம் எதுவும் இல்லை. அப்புறம் சக்கரங்கள் வெறும் காற்றில், எதிலும் பொருந்தாமல், கிர்ரென்று சுழல்வது கேட்டது. பத்து எண்ணும் நேரம் இருக்கும்.

டீச்சர் சேலைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். உள்ளே இருக்கிறவருக்குக் கேட்டுவிடாமல், தோள் குலுங்கக் குலுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.